நேற்றைய புனிதம், இன்றைய தடை

இளைஞர்கள் புதுமையை நாடுவார்கள், முதியவர்கள் பழமையைப் பற்றிக்கொண்டிருப்பார்கள் என்பது நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட ஒரு சூத்திரம். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நடந்துவரும் வழிபாட்டுச் சண்டையை இந்தச் சூத்திரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ள முயல்பவர் ஏமாந்துபோவார். அங்கே புதுமைக்குக் காவல் நிற்பவர்கள் எழுபதைத் தாண்டிய கர்தினால்கள். பழைய இலத்தீன் பூசைக்காக மூன்று நாள் நடந்து காலில் கொப்புளம் வாங்கிக்கொள்பவர்கள் இருபது வயதுக்காரர்கள். தாத்தா புரட்சிக்காரர், பேரன் மரபுவாதி. அதிகாரம் தாத்தாவின் கையில் இருக்கிறது.

இந்தப் பேரன்மாரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இது: இவர்கள் நவீன உலகுக்கு அஞ்சி ஓடுபவர்கள்; அரசியலில் வலதுசாரிகள்; புரியாத மொழியின் மயக்கத்தில் கிறங்கிக் கிடப்பவர்கள். நாள்பட்டால் சரியாகிவிடுவார்கள், ஆகாவிட்டால் ஆணை போட்டுச் சரிசெய்ய வேண்டியதுதான். இலக்கிய வாசகர்களிடையேயும் இக்கருத்து கேள்வியின்றிச் செல்லுபடியாகிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நான் கத்தோலிக்கன் அல்லன்; இலத்தீனும் அறியேன். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், வழிபாட்டில் தாய்மொழி ஒலிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அப்படியிருந்தும் இந்த வழக்கில் நியாயம் பேரன்மார் பக்கமே கூடுதலாக இருக்கிறது என்று கருதுகிறேன். நானூறு ஆண்டுகள் மிகப் புனிதமானது என்று தானே கற்பித்துவந்த ஒன்றை, அதை நம்பி வருபவர்களிடம் ஆபத்தானது என்று சொல்லும் ஒரு தலைமை, தான் இன்று கற்பிப்பதையும் நாளை யாரும் நம்பத் தேவையில்லை என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில் நிற்கிறது.

*

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய தன் சாசனத்தை 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேற்றியது. ஆதரவு 2147 வாக்குகள், எதிர்ப்பு 4. அந்தச் சாசனம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் இலத்தீன் வழிபாட்டு முறையில் இலத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்றும், கிரகோரியன் இசைக்கு முதன்மை இடம் தரப்பட வேண்டும் என்றும் அதே சாசனம் சொல்கிறது. இவற்றுக்குக் கைதூக்கிய ஆயர்களில் எத்தனைபேர், ஆறே ஆண்டுகளில் இரண்டும் பங்குக் கோவில்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோகும் என்று எண்ணியிருப்பார்கள்?

1969 ஏப்ரல் 3 அன்று ஆறாம் பவுல் (அன்றைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் ஆறாம் சின்னப்பர்) புதிய திருப்பலிப் புத்தகத்தை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட புத்தகத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. இதனால் விளைந்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. குருவானவர் முணுமுணுத்த மந்திரங்கள் மக்களின் காதில் விழுந்தன. ஆண்டுக்கு ஒருமுறை சுழன்றுகொண்டிருந்த வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக விரிந்தன. விவிலியத்தின் மிகப் பெரும்பகுதி முதன்முறையாகக் கோவிலில் ஒலித்தது. பழைய பூசை எங்கும் அழகாகவே நடந்தது என்பதும் கற்பனை. அவசர அவசரமாக முடிக்கப்பட்ட பூசைகளும், நடப்பது விளங்காமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மக்களும் அந்தக் காலத்தின் உண்மைகள். சீர்திருத்தம் ஒரு சதி என்று எழுதும் மரபுவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இழப்பு இருந்தது. அதை முதலில் சொன்னவர் சீர்திருத்தத்தைச் செய்த ஆறாம் பவுலே. புதிய முறை நடைமுறைக்கு வர நான்கே நாள்கள் இருந்தபோது, 1969 நவம்பர் 26 அன்று, மக்களுக்கு ஆற்றிய உரையில் அவர் இலத்தீனுக்கு விடைகொடுத்தார். ஒப்பற்ற கலைச்செல்வமான கிரகோரியன் இசையின் பெரும்பகுதியை இழக்கப்போகிறோம், வருந்துவதற்கு நமக்குக் காரணம் இருக்கிறது என்றார். மக்கள் புரிந்துகொண்டு செபிப்பது அந்தப் பழைய பட்டாடைகளைவிட மேலானது, அதற்காகவே இந்தத் தியாகம் என்றும் சொன்னார். இந்த உரையை நான் மதிக்கிறேன். தான் வெட்டுவது உயிருள்ள மரத்தை என்று அறிந்த மனிதரின் குரல் அது. அவருக்குப் பின் அதே கோடரியைத் தூக்கியவர்களிடம் அந்தத் துயரம் இல்லை. இழந்தது பட்டாடை என்பதையும் அவர்கள் மறந்தார்கள், கந்தல் என்றார்கள்.

*

இலக்கியவாசிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1966இலேயே பழைய வழிபாட்டைக் காக்கும்படி வத்திக்கானை வேண்டிய கலைஞர்களின் விண்ணப்பத்தில் போர்ஹெஸ், ஆடன், திரைக் கலைஞர் ராபர்ட் பிரெஸ்ஸோன் ஆகியோர் கையெழுத்திட்டிருந்தார்கள். 1971 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்த இரண்டாவது விண்ணப்பத்தில் அகதா கிறிஸ்டி, கிரஹாம் கிரீன், ராபர்ட் கிரேவ்ஸ், ஐரிஸ் மர்டாக், விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ், வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முதலிய ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. இவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர், மெனுஹின் யூதர். பேராலயங்களை இடிக்க ஆணையிட்டால் படித்த உலகம் கொதித்தெழும் அல்லவா, அந்தப் பேராலயங்களைக் கட்டவைத்த வழிபாட்டை அழிப்பதும் அதற்கு ஒப்பானதே என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு நவம்பரில் ஆறாம் பவுல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் விலக்கு அளித்தார். 2024இல் இதே இதழில் இதே போன்ற இன்னொரு விண்ணப்பம் வந்தது; இசையமைப்பாளர் ஜேம்ஸ் மாக்மில்லன் முன்னெடுத்தது. அதிலும் நம்பிக்கையாளர், நம்பிக்கையற்றவர் இருசாராரும் உண்டு.

அந்தக் கையெழுத்துகளை மதிக்கிறேன். ஆனால் அவற்றின் வாதம் போதாது. பழைய பூசை அழகானது, ஆகவே காக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் தர்க்கம். இன்றைய இளைஞர்கள் கேட்பது அருங்காட்சியகம் அன்று. அவர்கள் அந்தப் பூசையில் மண்டியிட விரும்புகிறார்கள். தங்கள் குழந்தைகளுக்கு அதைக் கையளிக்க விரும்புகிறார்கள். தலைமை அஞ்சுவதும் இதற்குத்தான். அழகை ரசிப்பவனால் எந்த நிறுவனத்துக்கும் தொல்லையில்லை. நம்புகிறவன்தான் தொல்லை.

*

இதைப் புரிந்துகொண்ட போப்பாண்டவர் ஒருவர் இருந்தார். பதினாறாம் பெனடிக்ட் 1927இல் பிறந்தவர். பொதுச்சங்கத்தில் இறையியல் அறிஞராகப் பங்கேற்றவர். 2007 ஜூலை 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பழைய பூசை ஒருபோதும் ஒழிக்கப்படவில்லை என்றது. எந்தக் குருவும் தனி அனுமதியின்றி அதை நிகழ்த்தலாம் என்றது. கூடவே ஆயர்களுக்கு எழுதிய மடலில் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, இளையோரும் இந்த வடிவத்தைக் கண்டடைந்து அதனால் ஈர்க்கப்படுகிறார்கள் என்பது. மற்றொன்று, முந்தைய தலைமுறைகளுக்குப் புனிதமாக இருந்தது நமக்கும் புனிதமே, அதைத் திடீரென முற்றாகத் தடைசெய்யவோ தீங்கானதாகக் கருதவோ முடியாது என்பது. இவ்விவகாரத்தில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகத் தெளிவான கருத்து இதுதான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, பெனடிக்ட் உயிரோடு இருக்கும்போதே, 2021 ஜூலை 16 அன்று பிரான்சிஸ் அதைத் திருப்பிப்போட்டார். புதிய புத்தகங்களே உரோமை வழிபாட்டின் ஒரே வெளிப்பாடு என்றது அவர் ஆணை. பழைய பூசைக்குரிய குழுக்கள் பங்குக் கோவிலில் கூடக் கூடாது; புதிய குழுக்கள் தொடங்கக் கூடாது; இனிக் குருப்பட்டம் பெறுபவர் அதை நிகழ்த்த விரும்பினால் ஆயர் உரோமையைக் கேட்டே அனுமதி தர வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் வந்த விளக்கம் இன்னொன்றையும் சேர்த்தது. வேறு வழியின்றிப் பங்குக் கோவிலில் நடந்தாலும், அந்தப் பூசையைப் பங்கின் பூசை நேர அட்டவணையில் குறிப்பிடுவது பொருத்தமன்றாம். உலகின் மிகப் பழைய நிறுவனங்களுள் ஒன்று தன் சொந்த பூசையைத் தன் அறிவிப்புப் பலகையிலிருந்து மறைக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்ற நாள் 1969 டிசம்பர் 13. புதிய திருப்பலி முறை தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருடைய குருத்துவமும் புதிய பூசையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. அந்தத் தலைமுறைக்கு அது தன் இளமை. அடைத்துக் கிடந்த சன்னல் திறந்து காற்று வந்த நாள் அது. அதன் மீதான எந்தக் கேள்வியும் தங்கள் வாழ்வின் மீதான கேள்வியாகவே அவர்களுக்குக் கேட்கிறது. மனித இயல்பு என்ற அளவில் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் சட்டம் இயற்றுபவர்கள் தங்கள் இளமையின் நினைவைத் திருச்சபையின் எதிர்காலம் என்று மயங்கக் கூடாது. பிரான்சிஸ் இந்த இளையோரைப் பின்னோக்கிச் செல்பவர்கள் என்று பலமுறை கண்டித்தார். 2025 சனவரியில் வெளிவந்த தன்வரலாற்றில், பழைய பகட்டு ஆடைகளை நாடும் கடும்போக்குக்குப் பின்னால் சிலபோது மனச்சமநிலைக் குறைவு ஒளிந்திருக்கும் என்றும் எழுதினார். ஏழைகளிடமும் அகதிகளிடமும் அத்தனை பரிவு காட்டிய மனிதர் தன் சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மனநோய் முத்திரை குத்தியது வருத்தத்துக்குரியது.

பின்னோக்கிச் செல்வது என்ற சொல்லே இங்குப் பொருந்தவில்லை. நேரில் கண்டதை இழந்தவனுக்குத்தான் ஏக்கம் வரும். 1995க்குப் பின் பிறந்தவன் எந்தப் பழைய காலத்துக்குத் திரும்புகிறான்? அவன் பிறந்தபோது வீட்டிலும் கோவிலிலும் இருந்தது புதிய பூசைதான். அவன் அதை முழுதாக அறிவான். அறிந்தே வேறொன்றைத் தேடினான். ஆண்டுதோறும் பெந்தகோஸ்தே விழாவையொட்டிப் பாரிஸிலிருந்து சார்த்ர் பேராலயம்வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் திருப்பயணம் நடக்கிறது. 1912இல் கவிஞர் ஷார்ல் பெகி நடந்துசென்ற யாத்திரையின் நினைவு இதற்குப் பின்னால் உண்டு. 1983இல் மரபுவாதிகள் தொடங்கிய இந்த நடையில் 2025இல் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 19,000 பேர். பெரும்பாலோர் இருபதுகளை ஒட்டிய வயதினர்.

குருக்களிடையேயும் இதே நிலை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் நடத்திய கணிப்பில், 1960களின் பிற்பகுதியில் பட்டம் பெற்ற குருக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தம்மை இறையியலில் முற்போக்காளர் என்றார்கள். 2020க்குப் பின் பட்டம் பெற்றவர்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தம்மை மரபார்ந்தவர் என்றார்கள். இவர்கள் எல்லோரும் பழைய பூசையின் அன்பர்கள் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதற்கு இது போதும். அதே கணிப்பில், ஆயர்கள் மீது பொதுவாக நம்பிக்கை உண்டு என்று சொன்ன குருக்கள் 24 விழுக்காடு மட்டுமே.

*

தலைமையின் தரப்பிலும் சரக்கு உண்டு. பழைய பூசையைச் சுற்றித் திரண்ட கூட்டத்தில் பொதுச்சங்கத்தையே ஏற்காதவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. பேராயர் மார்செல் லெஃபெவ்ர் 1988 ஜூன் 30 அன்று உரோமையின் தடையை மீறி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார்; அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சன் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசினார். 2009இல் இது உலகறிய வெடித்தது. இந்த நஞ்சைச் சில மரபுவாதிகள் இன்னும் உமிழாமல் வாயில் வைத்திருக்கிறார்கள். இவர்களைக் கண்டிக்கும் உரிமையும் கடமையும் தலைமைக்கு உண்டு.

ஆனால் கண்டிக்க வேண்டியவரைக் கண்டிப்பது ஒன்று. அவர் மண்டியிடும் பலகையைப் பறிப்பது வேறொன்று. தமிழ் அறிந்தவரில் சாதிவெறியர் இருக்கிறார் என்பதற்காகத் தமிழைத் தடைசெய்வோமா? மேலும், 2021 ஆணைக்கு ஆதாரமாக உலக ஆயர்களின் கருத்துக்கணிப்பைக் காட்டினார்கள், முடிவுகளை வெளியிடவில்லை. 2025 ஜூலையில் அதன் மதிப்பீட்டறிக்கையின் பகுதி என்று சில பக்கங்கள் ஊடகத்தில் வெளியாயின. பழைய ஆணையை மாற்றுவது நன்மையைவிடத் தீமையே செய்யும் என்பது பெரும்பாலான ஆயர்களின் கருத்து என்றன அவை. அந்தப் பக்கங்கள் முழுமையற்றவை என்றார் வத்திக்கானின் செய்தித்தொடர்பாளர். முழுமையானதை அப்போதே வெளியிட்டு வாயடைத்திருக்கலாமே!

இரண்டாவது வாதம் ஒற்றுமை. ஒரே வழிபாடு இருந்தால்தான் ஒரே திருச்சபை என்கிறார்கள். திருச்சபையின் வரலாறு இதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஒருமைப்படுத்தலுக்குப் பெயர்போன ஐந்தாம் பத்திநாதரே 1570இல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்த முறைகளுக்கு விலக்களித்தார். மிலான் நகரின் அம்புரோசிய முறை இன்றும் வாழ்கிறது. ஒருமையைக் கட்டாயமாகத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து நிலமான கேரளமே பாடம். 1599இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், சுரியானிக் கிறித்தவர்களின் நூல்களைத் தீயிலிட்டது. வழிபாட்டை இலத்தீன் அச்சில் வார்க்க முயன்றது. விளைவு, 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியம். அதைத் தொடர்ந்து இன்றுவரை ஆறாத பிளவு.

கேரளத்தின் அண்மைக்கால நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. 2021 ஜூலை 3 தேதியிட்ட மடலில், சீரோ மலபார் சபை முழுவதும் ஒரே முறையில் பலி நிகழ்த்த வேண்டும் என்று பிரான்சிஸ் வலியுறுத்தினார். பலியின் மையப்பகுதியில் குரு பீடத்தை நோக்கியே நிற்கும் முறை அது. அரை நூற்றாண்டாக மக்களை நோக்கியே பலி நிகழ்த்திவந்த எறணாகுளம் – அங்கமாலிக் குருக்கள் எதிர்த்தார்கள். 2022 நவம்பரில் எறணாகுளம் பேராலயமே பூட்டப்பட்டது. இங்கே பீடத்தை நோக்கு என்றவர், பதின்மூன்று நாள் கழித்து அங்கே பீடத்தை நோக்கி நின்றவர்களைத் தடுத்தார். ஆக, பிரச்சினை குரு எத்திசையில் நிற்கிறார் என்பதில் இல்லை. மக்களின் நெஞ்சில் ஊறிய வழிபாட்டை மேலிருந்து வரும் ஒரு தாளால் மாற்றிவிட முடியும் என்ற எண்ணத்தில் இருக்கிறது. மரபுவாதியானாலும் புதுமைவாதியானாலும் அந்தத் தாளுக்கு முன் ஒரே நிலைதான்.

*

மூன்றாவது வாதம் என்னை நோக்கியது: தமிழாசிரியன் இலத்தீனுக்கு வக்காலத்து வாங்கலாமா? தமிழ்ப் பூசையை நிறுத்தச் சொல்லி யாரேனும் கேட்டால் முதலில் எதிர்ப்பவன் நான். 1578இல் கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் முதலாகச் செபத்தில் தமிழ் பெற்ற இடம் பெரிது. பலிபீடத்தில் அது ஏறியது பொதுச்சங்கத்தால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் மொழி மாறிய விதத்தையும் பாருங்கள். சர்வேசுரன் கடவுளானார், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார், ஞானஸ்நானம் திருமுழுக்கானது, பூசை திருப்பலியானது. இவை தமிழுக்கு ஆதாயம். 1995இல் வந்த விவிலியப் பொதுமொழிபெயர்ப்போடு இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும் ஆனார்கள். இது, என் கணக்கில், தமிழுக்கு இழப்பு. ஆனால் எந்த ஆயரும், இராயப்பர் என்று சொல்லும் பாட்டி கோவிலுக்குள் வரக் கூடாது என்று ஆணையிடவில்லை. பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே வரிசையில் மண்டியிட்டிருக்கின்றன. யாருடைய விசுவாசமும் சிதறவில்லை. மரபு மாறும் இயல்பான வழி இதுதான். பழையது மெல்ல உதிரும், அல்லது உதிராமல் நின்று நம்மை வியக்கவைக்கும். எது நடக்கும் என்பதை மக்களின் நாக்கு தீர்மானிக்கட்டும்.

இலத்தீனும் இப்படி வந்ததுதான் என்பதை மரபுவாதிகளும் நினைவிற்கொள்ள வேண்டும். உரோமையின் தொடக்ககால வழிபாட்டு மொழி கிரேக்கம். மக்கள் மொழியான இலத்தீன் அதன் இடத்தைப் பிடித்தது நான்காம் நூற்றாண்டளவில். கீரியே எலெய்சோன் என்ற கிரேக்க வேண்டுதல் மட்டும் இலத்தீன் பூசைக்குள் தங்கிவிட்டது. ஆக, வானத்திலிருந்து இறங்கிய மொழி எதுவும் இல்லை. புதிய பூசை செல்லாது என்றும், அதில் பங்கேற்பவர் அரைகுறைக் கத்தோலிக்கர் என்றும் பேசும் இளைஞன், தான் எதிர்க்கும் தலைமையின் அதே பிழையைச் செய்கிறான். தன் பாட்டியின் அரை நூற்றாண்டுச் செபத்தை அவன் செல்லாக்காசாக்குகிறான்.

ஆயினும் இருவர் பிழையும் ஒரே எடை அன்று. இளைஞனிடம் இருப்பது வாய். தலைமையிடம் இருப்பது சாவி. 2025 அக்டோபர் மாதம் ஒன்றே போதும், அந்தச் சாவி எப்படிப் பயன்படுகிறது என்பதைக் காண. அம்மாதம் அமெரிக்காவின் சார்லட் மறைமாவட்டத்தில் நான்கு பங்குகளில் நடந்துவந்த பழைய பூசை நிறுத்தப்பட்டு, தொலைவிலுள்ள ஒரே ஒரு சிற்றாலயத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி, புதிய போப்பாண்டவர் பதினான்காம் லியோவின் அனுமதியோடு, புனித பேதுரு பேராலயத்திலேயே கர்தினால் பர்க் பழைய பூசையை நிகழ்த்தினார். உரோமையின் நடுப்பீடத்தில் நடக்கத் தகுந்த பூசை சார்லட்டின் பங்குக் கோவிலில் நடக்கத் தகாததாவது எப்படி? இதற்கு இறையியலில் விடை கிடையாது. சலுகை பெறுபவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடுதான் விடை.

மரபு என்பது சாம்பலை வழிபடுவதன்று, நெருப்பைக் காப்பது என்ற கருத்தைப் பிரான்சிஸ் அடிக்கடி எடுத்தாண்டார். நல்ல கருத்து. ஆனால் எது சாம்பல் எது நெருப்பு என்பதைத் தொலைவில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து சொல்ல முடியாது. அருகில் போய்க் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். சார்த்ர் சாலையில் மழையிலும் வெயிலிலும் நடக்கும் அந்தப் பிள்ளைகள் நீட்டிப் பார்த்துவிட்டுச் சுடுகிறது என்கிறார்கள். சுடவில்லை என்று அவர்களுக்கு ஆணை அனுப்புவது மூடத்தனம்.